ஹான்டட் மேன்ஷன் புத்தகத்தை முடித்துவிட்டேன். அடுத்து எதைப் படிக்கலாம்?

கண்ணாடிப்பேய்:

வணக்கம். நான் இயற்பியல் ஆசிரியை. பள்ளி நாடகங்களுக்கு மேடை போடுவதும் பல வருடங்களாக என் பொறுப்பு. தீம் பார்க் ரைடுகளில் ஏறிச் சுற்றும் ஆசை எனக்குப் பெரிதாக இருந்ததில்லை. ஆனால் அவற்றை எப்படி யோசித்தார்கள், எப்படிக் கட்டினார்கள் என்று படிப்பதில் இப்போது ஒரு பித்தே பிடித்திருக்கிறது. நாடகத்தில் நான் கோட்டைவிட்ட ஒரு காட்சியிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது.

போன வருட நாடகத்தில், இறந்துபோன தாத்தா பேரனுக்கு முன் தோன்றிப் பேசிவிட்டு மறைய வேண்டும். பெப்பர்ஸ் கோஸ்ட் உத்தி ஞாபகம் வந்தது. மேடையில் ஒரு கண்ணாடியைச் சாய்வாக நிறுத்துவோம். பார்வையாளர் கண்ணில் படாத ஓர் ஓரத்தில் நடிகர் நிற்பார். அவர்மேல் விளக்கைப் போட்டால் அவருடைய பிம்பம் கண்ணாடிக்கு அப்பால் காற்றில் நிற்பதுபோல் தெரியும். விளக்கைக் குறைத்தால் கரைந்து போகும். 1862 கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை லண்டன் ராயல் பாலிடெக்னிக்கில் ஜான் ஹென்றி பெப்பர் இதைக் காட்டினார். மூல யோசனை ஹென்றி டர்க்ஸ் என்ற பொறியாளருடையது. வகுப்பில் ஒளி எதிரொளிப்பு நடத்தும்போதெல்லாம் இதைச் சொல்லிக் கொடுப்பவள் நான். ஆகவே தைரியமாக இறங்கினேன்.

பெரிய கண்ணாடி ஆபத்து என்று அக்ரிலிக் ஷீட் வாங்கி 45 பாகையில் நிறுத்தினோம். ஒத்திகையில் நான் எப்போதும் நடுவில் உட்கார்ந்தே பார்த்தேன். நாடகத்தன்று இடப்பக்கப் பெஞ்சுகளில் இருந்த குழந்தைகளுக்கு, பக்கத் திரைக்குப் பின்னால் டார்ச் வெளிச்சத்தில் நின்ற 'தாத்தா' நேரடியாகவே தெரிந்துவிட்டார். ஷீட் நடுவில் லேசாகத் தொய்ந்ததால் பிம்பத்தின் முகம் கோணலாக நீண்டது. வலப்பக்கம் இருந்தவர்களில் ஒரு சிறுமி நாடகம் முடிந்ததும் வந்து, "டீச்சர், தாத்தா சட்டைப் பை வலது பக்கம் இருந்துச்சே?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி மட்டும் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அதற்குப் பிறகு, இதே உத்தியை 1969 முதல் ஓட்டிவரும் இடம் ஒன்று இருக்கிறது என்று தெரியவந்தது. கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டின் ஹான்டட் மேன்ஷன் என்ற பேய் மாளிகை ரைடு. அதைப் பற்றி ஜேசன் சரெல் எழுதிய 'தி ஹான்டட் மேன்ஷன்: ஃப்ரம் தி மேஜிக் கிங்டம் டு தி மூவீஸ்' நூலகத்தில் கிடைத்தது. கடைசிப் பகுதி 2003-இல் வந்த திரைப்படம் பற்றியது, அதை வேகமாகப் புரட்டிவிட்டேன். முன்பகுதியை மூன்று முறை படித்தாயிற்று. இந்த உத்தியில் பேய்கள் ஆடும் நடன அரங்கு வரும் பக்கங்களை அதற்கு மேலும்.

இப்போது கேட்கிறேன். இந்த மாதிரி, ஒரு ரைடு ஏன் இப்படி ஆனது என்று அடியிலிருந்து சொல்லும் புத்தகங்கள் வேறு என்ன இருக்கின்றன? வழவழப் படங்கள் எனக்கு அவ்வளவு முக்கியமில்லை. கைவிட்ட யோசனைகள், வரைபடங்கள், தோற்ற முயற்சிகள் வேண்டும். நிறுவனமே வெளியிடும் நூல்களை எந்த அளவுக்கு நம்பலாம்? டிஸ்னிக்கு வெளியே யாராவது இப்படி எழுதியிருக்கிறார்களா?

படகு ஏழு:

வாங்க டீச்சர். முதலில் 1996-இல் வந்த 'வால்ட் டிஸ்னி இமாஜினியரிங்' என்ற பெரிய நூல். வடிவமைப்புக் குழுவே தொகுத்தது. ஓவியம், மாதிரி, சிற்பம், இயந்திரம் என்று ஒரு ரைடு எத்தனை கைகளைக் கடந்து வருகிறது என்பது இதில் நன்றாகப் புரியும். படங்கள் வேண்டாம் என்கிறீர்கள், ஆனாலும் இதைத் தவறவிடாதீர்கள். சரெல் இதே பாணியில் பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன் என்ற கடற்கொள்ளையர் ரைடு பற்றியும், மேட்டர்ஹார்ன் போன்ற மலை ரைடுகள் பற்றியும் தனித்தனியாக எழுதியிருக்கிறார். பைரேட்ஸ் புத்தகம்தான் எனக்குப் பிடித்தது.

வரைபலகை:

டீச்சர், உங்கள் கேள்வியைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் முப்பது வருடத்துக்கு மேல் கட்டட வரைவாளனாக வேலை பார்த்தவன். இந்தப் புத்தகங்களை வரைவாளன் கண்ணோடுதான் படிப்பேன். அதனால் என் யோசனை ஒரு பக்கச் சாய்வாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்த நூலை எடுத்தாலும் முதலில் தரைப்படத்தைத் தேடுங்கள். ஓவியம் ஆசையைக் காட்டும். தரைப்படம் நெருக்கடியைக் காட்டும். ரைடுகளின் வடிவம் பெரும்பாலும் நெருக்கடியில் பிறந்ததுதான். உங்கள் மேன்ஷனையே எடுத்துக்கொள்வோம். உள்ளே போனதும் ஓர் எண்கோண அறை. சுவரில் தொங்கும் ஓவியங்கள் நீண்டுகொண்டே போகும். குடை பிடித்த அழகான பெண். படம் நீள நீள, அவள் நிற்பது ஒரு கயிற்றின்மேல், கீழே முதலை வாய் பிளந்து காத்திருக்கிறது என்று தெரியும். எல்லோரும் இதை அருமையான கற்பனை என்பார்கள். அருமைதான். ஆனால் அந்த அறை ஏன் அங்கே வந்தது?

டிஸ்னிலேண்டைச் சுற்றி ஒரு மண் கரை இருக்கிறது. அதன்மேல் ரயில் பாதை. கரைக்கு உள்ளே இடம் போதாது. ரைடின் பெரும்பகுதி கரைக்கு வெளியே இருக்கும் ஒரு பெரிய கொட்டகையில்தான் ஓடுகிறது. அப்படியானால் மாளிகைக்குள் நுழைந்தவர்களை ரயில் பாதைக்கு அடியில் கொண்டுபோக வேண்டும். அதற்கு முதலில் கீழே இறக்க வேண்டும். எனவே அந்த அறை ஒரு லிஃப்ட். தரை இறங்குகிறது, மேற்கூரை அப்படியே நிற்கிறது, நடுவில் சுவர் வளர்வதுபோல் தெரிகிறது. வெளியே வந்து ஓவியங்கள் மாட்டிய நடைபாதை வழியாக நடக்கும்போது நீங்கள் தண்டவாளத்துக்கு அடியில் நடக்கிறீர்கள். 1971-இல் டிஸ்னியின் ஃபுளோரிடா பூங்காவில் திறந்த மேன்ஷனுக்கு இந்தத் தேவை இல்லை. ஆனாலும் அந்த அறையை விட மனமில்லாமல் வைத்தார்கள். அங்கே தரை நகராது, கூரைதான் மேலே ஏறும். ஒரு தேவைக்காகப் பிறந்தது, தேவை போன பிறகும் மரபாக நின்றுவிட்டது. நம் வீடுகளில் அம்மியை அரைக்க வைத்திருக்கிறோமா, மிதிக்க வைத்திருக்கிறோமா? அதைப் போலத்தான்.

பைரேட்ஸும் இதே கதை. முதலில் அது நடந்து பார்க்கும் மெழுகுச் சிலைக் காட்சியாகத் திட்டமிட்டது. அதற்காக நிலவறையே தோண்டத் தொடங்கிவிட்டார்கள். 1964–65 நியூயார்க் உலகக் கண்காட்சியில் 'இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்' என்ற டிஸ்னியின் பொம்மைக் காட்சிப் படகுகள் கூட்டத்தைச் சளைக்காமல் நகர்த்தியதைப் பார்த்த பிறகு திட்டம் படகுச் சவாரியாக மாறியது. தோண்டிய நிலவறைக்குள் அது அடங்கவில்லை. இங்கேயும் கரைக்கு வெளியே போக வேண்டியிருந்தது. ரைடின் ஆரம்பத்தில் படகு இரண்டு முறை சறுக்கி இறங்குகிறதே, அது பயமுறுத்த மட்டும் வைத்ததில்லை, ரயிலுக்கு அடியில் போக வேண்டும். இறங்கியது கடைசியில் ஏறியாக வேண்டும், அதனால்தான் முடிவில் படகு மேல்நோக்கி இழுக்கப்படுகிறது. இந்த மாதிரிக் காரண காரியங்களைச் சொல்லும் புத்தகங்களைத்தான் நான் திரும்பத் திரும்ப எடுப்பேன்.

அந்த வகையில் முதலில் சொல்ல வேண்டியது 'மார்க் டேவிஸ் இன் ஹிஸ் ஓன் வேர்ட்ஸ்'. பீட் டாக்டரும் கிறிஸ்டோபர் மெரிட்டும் தொகுத்த இரண்டு தொகுதிகள், 2019. டேவிஸ் கார்ட்டூன் படங்களிலிருந்து வந்தவர். டிங்கர் பெல், மலெஃபிசென்ட், க்ரூயெல்லா எல்லாம் அவர் கை. பிறகு ரைடுகளுக்கு வந்தார். ரைடு என்பது கதை சொல்லும் இடம் இல்லை, அனுபவம் தரும் இடம் என்பதில் உறுதியாக இருந்தவர். படகு நகர்ந்துகொண்டே இருக்கிறது. சில நொடிகளில் பார்ப்பவருக்கு எல்லாம் புரிந்துவிட வேண்டும். டிஸ்னிலேண்டின் காட்டுப் படகுச் சவாரியான ஜங்கிள் க்ரூஸில் 1964-இல் வந்த ஒரு காட்சியைப் பாருங்கள். காண்டாமிருகம் துரத்த, ஒரு பயணக்குழு மொத்தமும் ஒரே கம்பத்தில் ஒருவர்மேல் ஒருவராகத் தொற்றி ஏறியிருக்கிறது. கொம்புக்கு மேலே கடைசி ஆள். முன்கதை வேண்டாம், வசனம் வேண்டாம், ஒரு பார்வை போதும். கட்டப்பட்டவை, கட்டப்படாதவை என்று அவர் வரைந்தது பக்கம் பக்கமாக இருக்கிறது. ஃபுளோரிடாவுக்காகத் திட்டமிட்டுக் கடைசிவரை கட்டாமலே போன 'வெஸ்டர்ன் ரிவர் எக்ஸ்பெடிஷன்' ஓவியங்களைப் பார்த்துவிட்டு அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அடுத்து, 'தி ஆர்க்கிடெக்சர் ஆஃப் ரீஅஷ்யூரன்ஸ்'. கேரல் ஆன் மார்லிங் தொகுத்தது, 1997. மான்ட்ரியாலில் உள்ள கனேடியக் கட்டடக்கலை மையம் நடத்திய கண்காட்சியை ஒட்டி வந்த நூல். இது கட்டடக்கலை ஆராய்ச்சியாளர்கள் பக்கத்திலிருந்து வருவது, ரசிகர் புத்தகம் இல்லை. சில கட்டுரைகள் கொஞ்சம் வறட்சிதான், தாண்டிப் போகலாம். ஆனால் வடிவமைப்புக் காப்பகத்திலிருந்து எடுத்த வரைபடங்களை இவ்வளவு மரியாதையோடு அச்சிட்ட வேறு நூலை நான் பார்க்கவில்லை.

ஜான் ஹென்ச் எழுதிய 'டிசைனிங் டிஸ்னி' (2003) நிறத்துக்காகப் படிக்க வேண்டியது. 1939-இல் ஸ்டுடியோவில் சேர்ந்தவர், அறுபது வருடத்துக்கு மேல் அங்கேயே. ஒரு வாசலுக்கு என்ன நிறம், பக்கத்துச் சுவர் அதை எப்படி மாற்றும் என்று ஒரு கைவினைஞர் தன் பட்டறையில் உட்கார்ந்து சொல்வதுபோல் இருக்கும்.

நிறுவன நூல்களை நம்பலாமா என்று கேட்டீர்கள். வரைபடங்களை நம்புங்கள். ஆனால் யார் பெயர் இல்லை என்றும் கவனியுங்கள். டிஸ்னிலேண்டைக் கட்டி முடித்ததில் சி.வி. வுட் என்பவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1956 தொடக்கத்தில் அவரை வெளியேற்றினார்கள். பிறகு வெகுகாலம் அதிகாரபூர்வ வரலாற்றில் அவர் பெயரே தென்படாது. டாட் ஜேம்ஸ் பியர்ஸ் எழுதிய 'த்ரீ இயர்ஸ் இன் வொண்டர்லேண்ட்' (2016) அந்த இடைவெளியை நிரப்புகிறது. பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. வுட் வெளியே போய் நியூயார்க்கில் ஃப்ரீடம்லேண்ட் போன்ற பூங்காக்களைக் கட்டிய கதையும் வரும்.

உங்கள் அக்ரிலிக் ஷீட் பற்றி ஒரு வார்த்தை. 45 பாகை என்பது சட்டம் இல்லை, டீச்சர். மேன்ஷன் நடன அரங்கில் கண்ணாடி செங்குத்தாக நிற்கிறது.

பழைய நுழைவுச்சீட்டு:

டிஸ்னிக்கு வெளியே உள்ளதை நான் சொல்கிறேன், இங்கே யாரும் அந்தப் பக்கம் வருவதில்லை.

கலிஃபோர்னியாவில் நாட்ஸ் பெரி ஃபார்ம் என்று ஒரு பூங்கா. அதைப் பற்றி கிறிஸ்டோபர் மெரிட்டும் ஜே. எரிக் லிங்ஸ்வைலரும் எழுதிய 'நாட்ஸ் பிரிசர்வ்ட்' (2010). மெரிட் தானே ரைடு வடிவமைப்பாளர், அதனால் எதைக் கேட்க வேண்டுமோ அதைக் கேட்டிருக்கிறார். அங்கே பட் ஹர்ல்பட் என்று ஒரு மனிதர். பூங்காவின் ஊழியர் இல்லை. குத்தகைக்கு இடம் எடுத்துத் தன் பொறுப்பில் ரைடு கட்டி நடத்தியவர். 1960-இல் காலிகோ சுரங்க ரைடு, 1969-இல் மரக்கட்டைச் சவாரி. கணக்குக் கேட்க மேலே குழு இல்லை, தப்பினால் தாங்கிப்பிடிக்கவும் யாரும் இல்லை. சரெல் நூலில் வரும் பெரிய பட்டறைக்கு நேரெதிரான உலகம். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால்தான், பணமும் ஆள்பலமும் ஒரு ரைடின் வடிவத்தை எப்படி மாற்றுகின்றன என்று விளங்கும். மெரிட் இன்னொருவரோடு சேர்ந்து பசிபிக் ஓஷன் பார்க் என்ற, இப்போது இல்லாத கடற்பாலப் பூங்கா பற்றியும் எழுதினார் (2014). அழிந்துபோன இடத்தைப் பற்றிய நூல்களில் எனக்கு அதுதான் முதலிடம்.

இன்னும் பின்னால் போக வேண்டுமானால் ஜான் காசன் எழுதிய 'அம்யூசிங் தி மில்லியன்' (1978). நியூயார்க்கின் பழைய கேளிக்கைப் பூங்காக்கள் இருந்த கோனி தீவு பற்றியது. சின்னப் புத்தகம், ஆனால் கனமானது. ஃபிரெடரிக் தாம்ப்சன் 1901-இல் பஃபலோ கண்காட்சிக்காக 'எ ட்ரிப் டு தி மூன்' என்று ஒன்றைச் செய்தார். சிறகடிக்கும் கப்பலில் ஏறி உட்கார்ந்தால் சந்திரனுக்குப் போய் இறங்குவீர்கள். அந்தக் கப்பலின் பெயர் லூனா. 1903-இல் கோனி தீவில் திறந்த லூனா பார்க்கின் பெயரும் அதுவே. ஒரு இடத்துக்குள் நுழைந்தவரை வேறோர் உலகத்துக்குள் வந்துவிட்டதாக நம்பவைக்கும் வேலை டிஸ்னிலேண்டுக்கு அரை நூற்றாண்டு முன்பே நடந்திருக்கிறது.

நெதர்லாந்தின் எஃப்டெலிங் பூங்காவையும் விடக் கூடாது. அங்கே தேவதைக்கதைக் காடு திறந்தது 1952, டிஸ்னிலேண்டுக்கு மூன்று வருடம் முன்பு. ஓவியர் ஆன்டன் பீக் வரைந்த கோணல் கூரையும் பாசி படிந்த சுவரும் அப்படியே எழுந்து நின்றன.

புத்தகம் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: 'தி ஈ டிக்கெட்' பத்திரிகை. 1986-இல் ஜான்சென் சகோதரர்கள் இருவர் ஆரம்பித்தது. டிஸ்னிலேண்டில் முன்பு ஏ முதல் ஈ வரை சீட்டுகள் உண்டு, ஈ சீட்டுதான் பெரிய ரைடுகளுக்கு. வடிவமைப்பாளர்கள் உயிரோடிருந்தபோதே நேரில் போய், நுணுக்கமாகக் கேட்டு, பதிவு செய்து வைத்தார்கள். பின்னால் வந்த பல நூல்கள் இந்த இதழ்கள் போட்ட பாதையில்தான் நடக்கின்றன. பழைய இதழ் ஏதாவது கைக்குக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

கண்ணாடிப்பேய்:

எல்லோருக்கும் நன்றி. எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவைத்தேன்.

வரைபலகை ஐயா, கண்ணாடி செங்குத்து என்றீர்களே, அதைப் படித்துவிட்டு நேற்று முழுக்க அதே நினைப்பு. நடன அரங்கைப் பற்றி நான் அத்தனை முறை படித்தும் சாய்வுக் கண்ணாடி என்றே மனதில் வரைந்து வைத்திருந்தேன். செங்குத்து என்றால் பிம்பம் எங்கிருந்து வருகிறது? பார்வையாளர் பக்கத்தில்தானே பொருள் இருக்க வேண்டும்?

வரைபலகை:

சரியாகப் பிடித்துவிட்டீர்கள், பார்வையாளர் பக்கத்தில்தான் இருக்கிறது. ஒரு தாளில் குறுக்குவெட்டு வரைந்து பாருங்கள். வண்டிகள் ஒரு மாடத்தில் நகர்கின்றன. எதிரே கண்ணாடி. கண்ணாடிக்கு அப்பால் நிஜமான அரங்கு: மேசை, நாற்காலி, கணப்பு எல்லாம் உண்டு, ஆட்கள் மட்டும் இல்லை. பேய்ப் பொம்மைகள் இருப்பது உங்கள் காலுக்குக் கீழேயும் தலைக்கு மேலேயும், கறுப்பு அடித்த இருட்டு அறைகளில். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எவ்வளவு தூரத்தில் ஒரு பொம்மை இருக்கிறதோ, அந்தப் பக்கம் அவ்வளவு தூரத்தில் அதன் பிம்பம். நாற்காலியில் போய்ச் சரியாக உட்கார வேண்டுமானால் அந்தத் தூரத்தை அங்குல சுத்தமாக அளந்து வைக்க வேண்டும். இது நீங்கள் நடத்தும் பாடம்தான்.

இப்போது உங்கள் இடப்பக்கப் பெஞ்சு விஷயத்துக்கு வருவோம். மேன்ஷனை முதலில் நடந்து பார்க்கும் வீடாகத்தான் யோசித்தார்கள். 1957-இலேயே டிஸ்னி ஓவியர் கென் ஆண்டர்சன் அதற்குக் கதைகள் எழுதினார். வெளிக்கட்டடம் 1963-இல் முடிந்து, உள்ளே ஒன்றும் இல்லாமல் பல வருடம் நின்றது. நடந்து போகிறவர்கள் நிற்பார்கள், திரும்புவார்கள், எட்டிப் பார்ப்பார்கள், கூட்டம் நகராது. மாயமும் நிலைக்காது, யார் எங்கிருந்து பார்ப்பார் என்று சொல்ல முடியாதே. விடை ஆம்னிமூவரில் வந்தது. ரோஜர் ப்ரோகியும் பாப் கர்ரும் உருவாக்கியது, 1967-இல் வேறொரு ரைடில் முதலில் ஓடியது. நிற்காத சங்கிலியாக ஓடும் வண்டிகள். பாதையோடு வரும் கம்பிகள் ஒவ்வொரு வண்டியின் முகத்தையும் வேண்டிய இடத்தில் வேண்டிய பக்கம் திருப்பும். வண்டியின் ஓடு தலைக்குப் பின்னாலும் பக்கத்திலும் மூடியிருக்கும். அதாவது, பார்வையாளரின் கண்ணையே அவர்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். உங்கள் பெஞ்சுகளுக்கு அந்த வசதி இல்லை. அதனால் நீங்கள் ஒவ்வொரு பெஞ்சிலும் உட்கார்ந்து பார்த்தாக வேண்டும். முக்கியமாக ஓரத்துப் பெஞ்சுகளில்.

அந்தச் சிறுமி சட்டைப் பையைக் கேட்டாள் என்றீர்களே, அவளிடம் இதைச் சொல்லுங்கள். மேன்ஷன் நடன அரங்கில் ஜோடி ஜோடியாகப் பேய்கள் சுழன்று ஆடுகின்றன. உற்றுப் பார்த்தால், ஆண் கை இருக்க வேண்டிய இடத்தில் பெண் கை, பெண் கை இருக்க வேண்டிய இடத்தில் ஆண் கை. ஆட்டத்தை நடத்துவது பெண்கள். பொம்மைகளைச் சரியாகத்தான் செய்தார்கள். கண்ணாடி இடவலம் மாற்றிவிட்டது. அவ்வளவு பெரிய பட்டறையில் அகப்படாமல் போன ஒன்று உங்கள் மாணவி கண்ணில் பட்டிருக்கிறது.

ஊசிநூல்:

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் உடை தைப்பவள், நாடகக் குழுக்களுக்கும் தைத்திருக்கிறேன். பட்டியலில் ஒரு பக்கம் காலியாக இருப்பதாகப் பட்டது, அதனால் எழுதுகிறேன்.

மேன்ஷன் படிகக் கோளத்துக்குள் பேசும் அந்தப் பெண் தலை: முகம் லியோட்டா டூம்ப்ஸ், குரல் எலினார் ஆட்லி. டூம்ப்ஸ் நடிகை இல்லை, அந்தப் பட்டறையில் வேலை பார்த்தவர். ஹேரியட் பர்ன்ஸ் மாதிரிகள் செய்யும் பிரிவில் ஆண்களுக்கு நடுவே அரம்பம் பிடித்து நின்றவர். 1963-இல் திறந்த டிக்கி ரூம் என்ற காட்சியின் இயந்திரப் பறவைகளுக்கு மார்பு மூச்சுவிடுவதுபோல் அசைய வேண்டும். எந்தத் துணி போட்டாலும் மடிப்பு விழுந்தது. ஒருநாள் கூட்டத்தில் வால்ட் டிஸ்னி போட்டிருந்த காஷ்மீர் ஸ்வெட்டரின் முழங்கை மடிந்து நிமிர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம் பர்ன்ஸ். அந்தத் துணியில்தான் விடை கிடைத்தது. இது அவரே சொன்னது. துணி எப்படி மடியும் என்று கை பழகியவருக்குத்தான் அங்கே கண் போகும். நானும் பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் சட்டைத் தையலைப் பார்த்துக்கொண்டு இறங்கும் இடத்தைத் தாண்டியிருக்கிறேன்.

ஆலிஸ் டேவிஸ், மார்க் டேவிஸின் மனைவி. ஸ்மால் வேர்ல்டுக்கும் பைரேட்ஸுக்கும் உடை வடிவமைத்தவர். மாற்று உடைக்குப் பணம் கிடையாது என்றதும், சத்தமில்லாமல் இரண்டாவது தொகுதியையும் சேர்த்தே தைத்து வைத்ததாக அவர் நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். பின்னால் பைரேட்ஸில் உடைகள் பாழானபோது அதுதான் கைகொடுத்தது. பெரிய நூல்களில் இவர்களுக்குக் கிடைப்பது சில பத்திகள். அதனால் நேர்காணல்களைத் தேடுங்கள், நினைவுக்குறிப்புகளைத் தேடுங்கள். மேன்ஷன் வடிவமைப்பாளர் ராலி க்ரம்ப் சொல்லச் சொல்ல எழுதிய 'இட்ஸ் கைண்ட் ஆஃப் எ க்யூட் ஸ்டோரி' (2012) அப்படிப்பட்டது. அவரும் சக வடிவமைப்பாளர் யேல் கிரேசியும் பேய் உத்திகளைச் சோதித்த அறையில் இரவு துப்புரவுப் பணியாளர்கள் பயந்து, துடைப்பத்தை நடு அறையில் போட்டுவிட்டு ஓடிய கதையை க்ரம்ப் பலமுறை சொல்லியிருக்கிறார். வரைபலகை ஐயாவுக்குத் தரைப்படம் எப்படியோ, எனக்கு இந்தப் பேச்சுக்குரல் அப்படி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஐயா புகழ்ந்த அந்தக் கம்பக் காட்சியை 2021-இல் மாற்றினார்கள். பைரேட்ஸில் பெண்களை ஏலம் விடும் காட்சியை 2018-இல் மாற்றினார்கள். ஓவியத்தின் திறமையை நானும் மதிக்கிறேன். ஆனால் கம்பத்தில் தொற்றிய அந்தப் பூர்வகுடி உருவங்களை, அந்த ஏலத்தை வரைந்தபோது யாரை நினைத்து வரைந்தார்கள், யாரை நினைக்கவில்லை என்பதும் வடிவமைப்பு வரலாறுதான். படிக்கும்போது அதையும் பார்த்துக்கொள்ளுங்கள் டீச்சர்.

வரைபலகை:

ஊசிநூல் அம்மா சொன்னது சரி. அந்தக் காட்சியைக் கோட்டுத் திறனுக்காக மட்டுமே பார்த்துப் பழகிவிட்டேன். பர்ன்ஸ் ஸ்வெட்டர் கதை எனக்குப் புதிது, நன்றி.

கண்ணாடிப்பேய்:

முடிவு செய்துவிட்டேன். முதலில் மார்க் டேவிஸ் தொகுதிகள். நூலகத்தில் கேட்டு வைத்திருக்கிறேன், வெளியிலிருந்து வரவழைத்துத் தருவதாகச் சொன்னார்கள். அது வரும்வரை 'நாட்ஸ் பிரிசர்வ்ட்'. ஹர்ல்பட் மாதிரி தன் கையை நம்பி இறங்கியவரிடம்தான் எனக்குக் கற்றுக்கொள்ள நிறைய இருக்கும் என்று தோன்றுகிறது. க்ரம்ப் நூலைத் தனியாகத் தேடுகிறேன். ஹேரியட் பர்ன்ஸ் நேர்காணல்களும் குறித்தாயிற்று.

நேற்று வகுப்பில் குறுக்குவெட்டை கரும்பலகையில் வரைந்தேன். ஜன்னல் கண்ணாடி ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தி, மேசைக்கு அடியில் ஒரு பொம்மையை வைத்து, பின்னால் காலி நாற்காலி. திரையை இழுத்து இருட்டாக்கி டார்ச்சை அடித்தோம். முதலில் பொம்மை நாற்காலிக்கு முன்னால் தொங்கியது. அளந்து பார்த்தோம், நான்கு விரற்கடை குறைவு. பொம்மையைப் பின்னுக்கு நகர்த்தினோம், போய் உட்கார்ந்துவிட்டது. வகுப்பு முழுக்க ஒரு நிமிடம் சத்தமே இல்லை.

சட்டைப் பை கேட்ட மாணவிக்கு நடன ஜோடிகளைப் பற்றிச் சொன்னேன். உடனே பக்கத்துப் பெண்ணை இழுத்துக்கொண்டு போய்க் கண்ணாடி முன் கை மாற்றி மாற்றி நின்று பார்த்தாள். இந்த வருட நாடகத்தில் தாத்தாவின் உடை அவள் பொறுப்பு. சட்டைப் பையை வலது பக்கம் தைக்கப் போகிறாளாம், பொத்தானையும் மாற்றிப் போட வேண்டும் என்கிறாள். ஊசிநூல் அக்கா, பெண்கள் சட்டையை அப்படியே எடுத்துக்கொண்டால் பொத்தான் வேலை மிச்சமாகுமா?

ஊசிநூல்:

ஆகும். பெண்கள் சட்டையில் பொத்தான் இடப்பக்கம்தான் வரும், கண்ணாடியில் ஆண் சட்டையாகத் தெரியும். பையை மட்டும் பிரித்து வலப்பக்கம் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். தாத்தாவுக்கு மேல்துண்டு உண்டென்றால் அதையும் எதிர்த் தோளில் போட வேண்டும், மறந்துவிடப் போகிறாள்.